மண்டபம் கோடைச் சறுக்குப்பலகை முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் சறுக்குப்பலகை முகாமில் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சேரலாம். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை, ராமநாதபுரம் ஆகிய ஊர்களிலிருந்து பெற்றோர் எங்களிடம் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளித்திருக்கிறோம்.

சறுக்குப்பலகை என்பது காலில் மாட்டி ஓட்டும் ஸ்கேட்டிங்தானே?

அல்ல. சக்கரக் காலணியில் கால்கள் கட்டுண்டிருக்கும். ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப்பலகையின் மேலோ கால்கள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நிற்கின்றன. எந்த நொடியிலும் நாம் பலகையை விட்டு இறங்கிவிடலாம். பலகையும் நம்மை விட்டு ஓடிவிடலாம். 1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில், அலை எழாத நாள்களில் அலைச்சறுக்கு வீரர்கள் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் ஓட்டிப் பார்த்ததிலிருந்து இவ்விளையாட்டு வளர்ந்தது. அக்காலத்து உலோகச் சக்கரங்களும் களிமண் கலந்த சக்கரங்களும் சிறு கல் பட்டாலே நின்று ஆளைத் தூக்கி எறிந்தன. 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் சக்கரம் வந்த பிறகுதான் பிள்ளைகளும் நம்பி ஏறக்கூடிய விளையாட்டாக அது மாறியது.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை முதன்முறையாக இடம்பெற்றது. மகளிர் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கும், வெள்ளி வென்ற பிரேசிலின் ரெய்ஸா லியாலுக்கும் அப்போது வயது 13. "சின்னப் பிள்ளைக்கு இது தாங்குமா?" என்று கேட்கும் தாய்மாரிடம் நாங்கள் இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

கற்றுக்கொடுப்பவர்கள் யார்? வெளியூரிலிருந்து வருகிறார்களா?

ஒருவரைத் தவிர அனைவரும் இந்தக் கடற்கரையைச் சேர்ந்தவர்கள்.

தலைமைப் பயிற்றுநர் மண்டபத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வேலைக்காகச் சென்னைப் பக்கம் போயிருந்தபோது, கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களோடு பழகி அங்கேயே சறுக்குப்பலகையும் பழகியவர். பிறகு ஊர் திரும்பி, தன் ஒரே பலகையை மாலை நேரங்களில் தெருப் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுத்தார். அந்த முறைவரிசைதான் இந்த முகாமின் தொடக்கம். அவருடைய கற்பிக்கும் மொழி முழுவதும் கடலிலிருந்தே வருகிறது. முதல் நாள் பலகையில் விறைத்து நிற்கும் பையனிடம் அவர், "முட்டிய மடக்கி நில்லு தம்பி, வல்லத்துல நிக்கிற மாதிரி. கீழ பாக்காத, தூரத்துல பாரு" என்கிறார். அப்பாவோடு ஒரு முறையேனும் வல்லம் என்னும் மீன்பிடிப் படகில் ஏறிய பிள்ளைக்கு அதன்பின் விளக்கமே தேவைப்படுவதில்லை. முழங்கால் தளர்ந்து, எடை இரு கால்களிலும் இறங்கி, பார்வை தொடுவானத்துக்குப் போய்விடுகிறது.

இரண்டாமவர் செவிலியர் படிப்பை முடித்த பெண். சிறுமியருக்கான வரிசையை நடத்துவதோடு முதலுதவிப் பொறுப்பும் அவருடையது. மூன்றாமவர் கீழக்கரையைச் சேர்ந்த இளைஞர். அவ்வூர்ப் பிள்ளைகள் அவரை அண்ணன் என்ற பொருளில் "காக்கா" என்றே அழைக்கிறார்கள், அதைக் கேட்டு மற்ற ஊர்ப் பிள்ளைகளும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளியூர்க்காரர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர். மதுரையிலிருந்து மே மாதம் முழுவதும் இங்கே வந்து தங்குகிறார். அவருக்குப் பலகை ஓட்டத் தெரியாது. ஆனால் உடலைச் சூடேற்றும் பயிற்சியையும், களைத்த பிள்ளையைக் களைப்பு தெரியும் முன்பே கண்டுபிடித்து உட்கார வைப்பதையும் அவரைப் போல் செய்ய எங்களில் யாருமில்லை. இவர்களைத் தவிர, முன்பு முகாமில் கற்ற 16, 17 வயதுப் பிள்ளைகள் இருவர் துணைப் பயிற்றுநர்களாக இருக்கிறார்கள்.

கற்பிப்பவர் பட்டியலில் நாங்கள் எப்போதும் சேர்த்துச் சொல்லும் இன்னொருவர், எங்களுக்குச் சரிவுமேடை செய்து தரும் படகு ஆசாரி. வல்லத்தின் விலா எலும்பு போன்ற வங்குக்காலை வளைவாக அறுத்துப் பழகிய கைக்கு, சறுக்குமேடையின் வளைவு புதிதல்ல. 60 சென்டிமீட்டர் உயரமுள்ள எங்கள் மேடையைக் கடல் நீர் தாங்கும் ஒட்டுப்பலகையில் செய்தார். இரும்புத் திருகாணி உப்புக்காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடித்துத் தலை நீட்டும் என்று சொல்லி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் பலகைக்குள் பதிய இறக்கினார். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு திருகாணி பிள்ளையின் உள்ளங்கையை என்ன செய்யும் என்பதை அவர் படகில் கண்டிருக்கிறார்.

பயிற்றுநரை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

வித்தை காட்டுவதைப் பார்த்து அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். படிக்கட்டின் மேலிருந்து பலகையோடு குதிக்கத் தெரிந்த இளைஞர்கள் சிலர் எங்களிடம் வந்ததுண்டு. பயந்து நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் முன் அரை மணி நேரம் குந்தி உட்காரும் பொறுமை அவர்களில் சிலருக்கு இருக்கவில்லை. ஆகவே வருபவரை ஒரு வாரம் சும்மா உடன் நிற்கச் சொல்கிறோம். பிள்ளை விழுந்ததும் அவர் சிரிக்கிறாரா, பதறி ஓடிப்போய்த் தூக்குகிறாரா, அல்லது அருகே சென்று உட்கார்ந்து அது தானே எழும்வரை காத்திருக்கிறாரா என்று பார்க்கிறோம். மூன்றாவது வகையினரையே சேர்த்துக்கொள்கிறோம். பிள்ளைகளுக்கு முன்னால் தாமே விழுந்து காட்டக் கூசாதவராகவும் அவர் இருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர் விழுவதைப் பார்த்த பிள்ளைக்குத்தான் தன் விழுகை அவமானமாகப் படுவதில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் கண்முன் காண்கிறோம்.

முதல் நாள் என்ன நடக்கும்?

முதல் ஒரு மணி நேரத்துக்குப் பலகை வெளியே வராது. இதனால் ஏமாற்றமடையும் பிள்ளைகள் உண்டு, கோபித்துக்கொண்ட தந்தையர்கூட உண்டு. ஆனாலும் இம்முறையை நாங்கள் மாற்றப்போவதில்லை, ஏனெனில் அந்த நேரத்தில்தான் விழக் கற்றுக்கொடுக்கிறோம்.

தடுமாறும்போது கையை நீட்டி ஊன்றுவது மனித உடலின் இயல்பு. உடல் எடை முழுவதும் அந்த ஒரு மணிக்கட்டில் இறங்குவதால், சறுக்குப்பலகையில் மணிக்கட்டு எலும்பு முறிவு அடிக்கடி நேர்கிறது. அந்த இயல்பை மாற்ற வேண்டும். கைகளை மார்போடு சேர்த்து, முழங்காலை மடக்கி உயரத்தைக் குறைத்து, முழங்கால் காப்பின் மேல் வழுக்கி இறங்குவது ஒரு முறை. தோளைச் சுருட்டிப் பக்கவாட்டில் உருள்வது இன்னொரு முறை. இவை இரண்டையும் முதலில் புல்லில், பிறகு பாயில், கடைசியாகக் காப்புகள் அணிந்து சிமெண்டுத் தரையில் பழக்குகிறோம்.

அதன்பின் எந்தக் கால் முன்னால் நிற்கும் என்பதைக் கண்டறிகிறோம். இடக்கால் முன் நின்றால் ரெகுலர், வலக்கால் முன் நின்றால் கூஃபி என்று உலகெங்கும் அழைக்கிறார்கள். இரண்டில் எதுவும் குறையன்று. எழுதும் கையை வைத்து இதை முடிவுசெய்ய முடியாது. மணலில் ஓடிவந்து வழுக்கிப் பார்க்கச் சொன்னால், எந்தக் காலை முன்னே வைக்கிறதோ அதுவே பெரும்பாலும் அப்பிள்ளையின் முன்கால். கடைசி அரை மணி நேரத்தில் பலகையைப் புல்லின் மேல் வைத்து, உருளாத பலகையில் ஏறி இறங்குகிறார்கள். முதல் நாள் அவ்வளவே.

கையைப் பிடித்து ஓட்டுவது எத்தனை நாளுக்கு?

நாள் கணக்கு இல்லை. இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பயிற்றுநர் பின்னோக்கி நடப்பது முதற்கட்டம். பிறகு ஒரு கை. பிறகு பிள்ளையின் உள்ளங்கை பயிற்றுநரின் உள்ளங்கை மேல் வெறுமனே படிந்திருக்கும், பிடி இராது. அதற்குப் பின் விரல் நுனி.

சென்ற கோடையில் பாம்பனிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆறாம் நாள்வரை பயிற்றுநர் அக்காவின் இரு விரல்களை இறுகப் பற்றியே ஓட்டினாள். ஏழாம் நாள் காலையில் அந்த இரு விரல்களுக்குப் பதிலாக ஒரு பனையோலைத் துண்டின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து, மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டார். ஓலை எந்த எடையையும் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் திடலின் பாதிவரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிறகு அக்கா மறுமுனையை விட்டுவிட்டார். ஓலையைக் கையில் ஏந்தியபடியே அவள் கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றாள். எப்போது விடுவது என்பதை எந்த அட்டவணையும் சொல்லித்தராது. பிடித்திருப்பவரின் கைக்குத்தான் அது தெரியும். ஆகவேதான் முதல் வாரத்தில் நான்கு பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கை நாங்கள் தளர்த்துவதில்லை, அதற்காக இடம் கேட்டு வரும் சிலரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும்.

அடிபட்டால் என்ன செய்வீர்கள்?

சிராய்ப்பு நிச்சயம் உண்டு. அதை மறைத்துச் சொல்லப் பிள்ளைகளை நாங்கள் பழக்குவதில்லை. தூய நீரால் கழுவி, மண் நீக்கி, மருந்திட்டு மூடுகிறோம்.

எலும்பு பற்றிய ஐயம் எழுந்தால் உருவுவதோ எண்ணெய் தேய்ப்பதோ கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்தட்டு எனப்படும் மென்மையான பகுதி இருக்கிறது. அது முறிந்து கவனிக்கப்படாமல் போனால் எலும்பின் வளர்ச்சியே கோணக்கூடும். ஆகவே மடித்த அட்டையையோ செய்தித்தாளையோ வைத்துக் கையை அசையாமல் கட்டி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்கிறோம். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, உறக்கக் கலக்கம் காட்டினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ 108 ஊர்தியை அழைப்பதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிப்பதில்லை. அத்தகைய பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் அன்று மீண்டும் பலகையில் ஏற்றுவதில்லை.

முகாமின் முதல் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மணிக்கட்டுக் காப்புகள் மூன்று குறைவாக இருந்த ஒரு காலையில், "ஒரு தடவைதானே" என்று எண்ணி, காப்பில்லாத பத்து வயதுப் பையனைச் சரிவில் இறங்க, இதை எழுதும் நான் அனுமதித்தேன். அவன் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. பிழை என்னுடையது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்த அவன், கட்டுப் பிரித்ததும் திரும்பி வந்துவிட்டான். அவன் தாயார் என்னிடம் சிரித்துப் பேச அதற்குப் பிறகும் பல மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து, காப்பு எத்தனை இணை உண்டோ அத்தனை பிள்ளைகள்தான் ஒரு நேரத்தில் திடலில் இருப்பார்கள்.

வீட்டில் இருக்கும் பைக் ஹெல்மெட்டை அணிந்து வரலாமா?

வேண்டாம். அது கனமானது, பிள்ளையின் கழுத்துக்குச் சுமை, பக்கத்துப் பார்வையையும் மறைக்கும். பின்மண்டைவரை இறங்கி மூடும் சறுக்குப்பலகை ஹெல்மெட்டுகளை முகாமே தருகிறது. கன்னப்பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரு விரல் நுழையும் இறுக்கமே சரியானது.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா? உடை எப்படி இருக்க வேண்டும்?

அனுப்ப வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற சிற்றூரில் ஒரு சறுக்குப்பலகைத் திடல் அமைந்தபோது அங்கே இரு விதிகளை வைத்தார்கள்: பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, எங்கும் பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். இரண்டாவது விதியை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பலகைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், காலையில் முதல் பலகையைச் சிறுமியர்தான் எடுப்பார்கள். பையன்கள் முதல் இரு நாள் முணுமுணுப்பார்கள், மூன்றாம் நாள் தாங்களே எடுத்து நீட்டுவார்கள்.

சுடிதாரில் வரலாம், ஆனால் துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அது சக்கர அச்சில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து. தலைமறைப்பு அணியும் பிள்ளைகள், முடிச்சில்லாத மெல்லிய பருத்தித் துணியைத் தலையோடு ஒட்டி அணிந்து, நுனிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டால் ஹெல்மெட் சரியாகப் பொருந்தும். பாதம் முழுவதும் மூடிய, அடிப்பாகம் தட்டையான ஷூ யாவருக்கும் கட்டாயம்.

ஏன் இவ்வளவு அதிகாலையில் வரச் சொல்கிறீர்கள்?

வகுப்பு காலை 6 மணிக்குத் தொடங்கி 8.15க்கு முடிகிறது. மே மாதத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் சிமெண்டுத் தரையில் கை வைக்க முடியாது. மேலும், பொழுது ஏற ஏறக் கச்சான் காற்று வலுக்கிறது. 25 கிலோ எடையுள்ள பிள்ளை எதிர்க்காற்றில் எவ்வளவு உதைத்தாலும் நகராது, பின்காற்றிலோ நிறுத்த முடியாத வேகம் வந்துவிடும். காற்று மணலையும் கொண்டுவந்து திடலில் பரப்புகிறது. எனவே 5.30க்கே துணைப் பயிற்றுநர்கள் திடல் முழுவதையும் பெருக்குகிறார்கள். சீமைக்கருவேல முள் கிடந்தால் அதையும் அப்போதுதான் பொறுக்குகிறார்கள்.

தனுஷ்கோடிச் சாலை வழவழப்பாக இருக்கிறதே, அங்கே ஓட்டக் கூடாதா?

பெரிய பிள்ளைகள் அனைவரும் கேட்கும் கேள்வி இது. அரிச்சல்முனைவரை நேராக ஓடும் அந்தச் சாலையில், ஒருபுறம் பெண்கடல் (பாக் நீரிணை) மறுபுறம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா) என்று பார்த்துக்கொண்டே சறுக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அது சுற்றுலா வண்டிகள் ஓயாமல் விரையும் சாலை, பக்கக்காற்றும் பலமானது. சாலையிலும் பாம்பன் பாலத்திலும் ஓட்டியது தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு அவ்வாண்டு முகாமில் இடமில்லை.

சொந்தமாகப் பலகை வாங்க வேண்டுமா?

முதல் ஆண்டு வேண்டாம். பொம்மைக் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலும் சக்கரம் கெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. அது தரையைப் பற்றாமல் வழுக்கும். வாங்கியே தீர வேண்டுமென்றால் ஏழடுக்கு மேப்பிள் மரப்பலகையும், உலோக அச்சும், பாலியூரித்தேன் சக்கரமும் உள்ளதைப் பாருங்கள். சக்கரத்தின் மேல் 99ஏ என்று எழுதியிருந்தால் அது கடினமானது, வழவழப்பான திடலுக்கு ஏற்றது. நம் ஊர்த் தெருக்களின் சொரசொரப்புக்கு 78ஏ முதல் 87ஏ வரையுள்ள மென்சக்கரமே நல்லது.

உப்புக்காற்றுதான் இங்கே பலகையின் பெரிய எதிரி. ஒரு பலகையில் எட்டு பேரிங்குகள் இருக்கின்றன. 608 என்ற இந்த அளவு உலகெங்கும் ஒன்றே. துளை 8, வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர். கடற்கரையில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் சக்கரம் அரைக்கும் ஓசை கேட்கத் தொடங்கும். ஆகவே சனிக்கிழமைதோறும் பிள்ளைகளே சக்கரங்களைக் கழற்றி, பேரிங்கைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டுகிறார்கள். தண்ணீரில் கழுவக் கூடாது. தேங்காய் எண்ணெயும் கூடாது, அது பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வேறு என்ன ஏற்பாடு?

எந்தப் பயிற்றுநரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருப்பதில்லை. திடலில் எப்போதும் குறைந்தது இரு பெரியவர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் பெண். பெற்றோர் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி வந்து உட்கார்ந்து பார்க்கலாம். பிடிக்காத தொடுகை எது, அதை யாரிடம் சொல்வது என்பதை இரண்டாம் நாளே பிள்ளைகளிடம் பேசுகிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் திடலின் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது.

இதில் எதிர்காலம் உண்டா?

ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் இடம்பெற்ற விளையாட்டு இது. இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் சறுக்குப்பலகைக்கும் இடமுண்டு. ஆயினும் பதக்கத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்க்க நாங்கள் விரும்பவில்லை. நாலு வாரத்தில் ஒரு பிள்ளை நேராக ஓட்டவும், திரும்பவும், நிறுத்தவும், சிறு சரிவில் இறங்கவும் கற்கும். பலகையோடு சேர்ந்தே துள்ளும் ஓலி என்ற அசைவுக்குப் பலருக்கும் மாதங்கள் ஆகும். அதற்கு மேல் போக விரும்புவோருக்கு ஆண்டு முழுவதும் ஞாயிறு காலை வகுப்பு இருக்கிறது.

கட்டணம் எவ்வளவு?

இல்லை. தண்ணீர்க் குப்பி மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

துணைப் பயிற்றுநர் ஆவது எப்படி?

இரண்டு கோடைகளாவது கற்றிருக்க வேண்டும், 16 வயது நிறைந்திருக்க வேண்டும், பள்ளியை விட்டிருக்கக் கூடாது. முதல் மாதம் திடல் பெருக்குவதும், காப்புகளின் பட்டைகளைச் சரிபார்ப்பதும், விழுந்த பிள்ளையின் அருகே உட்கார்வதும்தான் வேலை. கைப்பிடித்து ஓட்டும் வேலை அதற்குப் பிறகே தரப்படும்.

பெரியவர்கள் கற்கலாமா?

கற்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், முகாம் நடக்கும் நாள்களில் தந்தையர் பலர் கரையில்தான் இருக்கிறார்கள். பிள்ளையை விட வந்தவர்கள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள், நாலைந்து நாளில் மெல்ல உள்ளே வருகிறார்கள். அவர்களுக்காக 8.15க்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். காப்பும் ஹெல்மெட்டும் அவர்களுக்கும் கட்டாயம். கையைப் பிடித்து ஓட்டுபவர் பெரும்பாலும் அவரவர் பிள்ளையாகவே இருக்கும். கைலியை மாற்றிக்கொண்டு, கால்சட்டையும் மூடிய ஷூவும் அணிந்து வர வேண்டும். 8, 9, 10 ஆம் எண் ஷூ சில இணைகள் எங்களிடமே இருக்கின்றன.